கண்டிச் சீமையில் காய்ச்சல்

கண்டிச் சீமை என்றால் எது என்று இன்றைய வாலிபர்களுக்குத் தெரிய நியாயமில்லை. திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். "எங்க பெரிய தாத்தா கண்டிக்குப் போனவரு, திரும்பி வரல்லே" என்று ஒருவராவது சொல்லாத ஊர் அந்த ஜில்லாக்களில் அபூர்வம். அவர்கள் கண்டி என்று சொல்வது கண்டி நகரத்தை மட்டுமல்ல. இலங்கையின் மலைநாடு முழுவதையும்தான். முதலில் காப்பிக்காகவும், காப்பிச் செடி நோயில் அழிந்த பிறகு தேயிலைக்காகவும் நம் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போன நாடு அது.

அந்த ஜனங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கங்காணியைப் பற்றி எழுதுவார்கள். துரையைப் பற்றி எழுதுவார்கள். தீராத கடனைப் பற்றி எழுதுவார்கள். எல்லாம் எழுத வேண்டியவைதான். எனக்கு மட்டும் அதையெல்லாம் படிக்கும்போது வேறொரு சின்னக் கேள்வி குறுக்கே வந்து நிற்கும். அங்கே ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் அவன் என்ன செய்தான்? யாரிடம் போய்ச் சொன்னான்? சொந்த ஊரில் என்றால் பாட்டி இருக்கிறாள், கஷாயம் இருக்கிறது, நாட்டு வைத்தியர் இருக்கிறார், மாரியம்மன் கோயில் வேப்பிலை இருக்கிறது. கடல் தாண்டிப் போன இடத்தில்?

இந்தச் சின்னக் கேள்விக்குப் பதில் நூற்றைம்பது வருஷத்துச் சரித்திரமாக நீண்டு கிடக்கிறது.

முதலில் பாதையைப் பார்த்துவிடலாம். 1840-களில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது ரயிலும் கிடையாது, கப்பல் கம்பெனியும் கிடையாது. பாம்பனிலோ தொண்டியிலோ தோணி ஏறுவார்கள். மன்னார்க் கரையில் இறங்குவார்கள். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரையில் சுமார் 150 மைல் நடை. வழியெல்லாம் வறண்ட காடு. குளத்துத் தண்ணீர் கிடைத்தால் குடிப்பார்கள். அந்தத் தண்ணீரில் வாந்திபேதியும் சேர்ந்திருக்கும். கூட்டத்தை நடத்திக்கொண்டு போகிற கங்காணி தோட்டத்தில் முன்பணம் வாங்கியிருக்கிறான், ஆள் கணக்குக் காட்ட வேண்டும், அரிசி தீர்ந்துகொண்டிருக்கிறது. நடக்க முடியாதவன் விழுந்தால் விழுந்த இடத்திலேயே விடப்பட்டான். கூட வந்தவர்கள் கல் நெஞ்சர்கள் என்று நினைக்க வேண்டாம். ஒருவனுக்காக நின்றால் நாற்பது பேர் பட்டினி.

எத்தனை பேர் இறந்தார்கள்? 1849-ஆம் வருஷம் 'கொழும்பு அப்ஸர்வர்' பத்திரிகை ஒரு கணக்குப் போட்டது. 1841-லிருந்து 1848 வரையில் வந்தவர்களில் சுமார் 70,000 பேர் மாண்டிருக்க வேண்டும் என்றது. அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் கிறிஸ்டோபர் எலியட் ஒரு டாக்டர் என்பதைக் கவனிக்க வேண்டும். பிற்காலத்துச் சரித்திர ஆசிரியர்கள் இந்த எண்ணிக்கையை அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. வந்தவர்களில் திரும்பியவர்களைக் கழித்து, இருப்பவர்களைக் கழித்து, மிச்சத்தை இறந்தவர்கள் என்று எழுதியது சரியல்ல என்கிறார்கள். வாதம் நியாயமானதுதான். ஆனால் எனக்கு அந்த வாதத்தைவிட அந்தக் கழித்தல்தான் பெரிதாகப் படுகிறது. இறந்தவனை யாரும் எழுதி வைக்கவில்லை. வந்தவனை எண்ணினார்கள், போனவனை எண்ணினார்கள். நடுவிலே செத்தவன் கணக்கில் விழுந்த ஓட்டையாக இருந்தான்.

வழியில் சாகாமல் தோட்டம் போய்ச் சேர்ந்தவனுக்கு வைத்தியம் உண்டா? காகிதத்தில் உண்டு. 1865-ஆம் வருஷத்து 11-ஆம் நம்பர்ச் சட்டம் எஜமானுக்கும் வேலையாளுக்கும் உள்ள ஒப்பந்தத்தைப் பற்றியது. வேலையாள் சொல்லாமல் ஓடினாலோ, வேலை செய்ய மறுத்தாலோ சிறை என்று சொல்லுகிற அதே சட்டம், அவன் நோயாகப் படுத்தால் எஜமான் இடமும் சாப்பாடும் வைத்தியமும் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியது. படுத்திருக்கும் நாட்களுக்குக் கூலி மட்டும் கிடையாது.

படிக்கிறபோது தர்மமான ஏற்பாடாகத் தோன்றுகிறது இல்லையா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகு யோசித்துப் பார்த்தால் விஷயம் வேறாக இருக்கிறது. வைத்தியம் அங்கே தொழிலாளியின் உரிமையாக எழுதப்படவில்லை, எஜமானின் பொறுப்பாக எழுதப்பட்டது. இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஆனால் வைத்தியசாலைக் கதவின் சாவி யார் மடியில் இருக்கிறது என்று கேட்டால் வித்தியாசம் விளங்கிவிடும். பின்னால் எத்தனையோ சட்டங்கள் வந்தன, நல்ல மனிதர்கள் சிலர் பாடுபட்டார்கள், மருந்தும் வளர்ந்தது. அந்தச் சாவி மட்டும் நூறு வருஷத்துக்கு மேல் துரையின் மடியை விட்டு இறங்கவில்லை.

பொறுப்பைச் சட்டம் சுமத்திவிட்டதே, அதைத் தட்டிக் கழிப்பது எப்படி? சுலபம். நோயாளியைக் கணக்குத் தீர்த்து வெளியே அனுப்பிவிட்டால் அவன் வேலையாள் இல்லை; வேலையாள் இல்லையென்றால் பொறுப்பும் இல்லை. 1860-களில் கண்டி, மாத்தளை சாலைகளில் இப்படித் துரத்தப்பட்ட நோயாளிகள் சுருண்டு கிடந்தார்கள். அவர்களை எடுத்துப் போட வேண்டிய வேலை சர்க்கார் ஆஸ்பத்திரிகள் மேல் விழுந்தது. சர்க்காருக்குக் கோபம் வந்தது. "உங்கள் ஆள், நீங்கள் செலவழியுங்கள்" என்றார்கள் உத்தியோகஸ்தர்கள். "நாங்கள் வரி கட்டுகிறோம், நீங்கள் செலவழியுங்கள்" என்றார்கள் தோட்டக்காரர்கள். இந்தச் சண்டையிலிருந்து பிறந்ததுதான் 1872-ஆம் வருஷத்து மருத்துவத் தேவைச் சட்டம். தோட்டப் பகுதிகளை மருத்துவ வட்டாரங்களாகப் பிரித்தார்கள். வட்டாரத்துக்கு ஒரு டாக்டர், மேற்பார்வைக்குத் தோட்டக்காரர்கள் அடங்கிய கமிட்டி, செலவுக்குத் தோட்டத்து ஏக்கர் மேல் வரி. நாளடைவில் ஏக்கர் வரி போய் ஏற்றுமதித் தீர்வை வந்தது. சொந்தமாக டிஸ்பென்ஸரி வைத்திருக்கிற தோட்டங்களுக்குச் சலுகை வந்தது. அடிப்படை மட்டும் மாறவில்லை.

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒரு சட்டத்தைப் படித்தால், அது அமலாகிற காலை நேரம் எப்படி இருந்திருக்கும் என்று மனம் படம் போடத் தொடங்கிவிடும். விடியுமுன் தப்படிக்கிறார்கள். லயத்துக் காம்பராக்களிலிருந்து ஜனங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு வருகிறார்கள். மலைப் பனி. பேர் கூப்பிடுகிறார்கள். ஒருவன் வரவில்லை. அவன் காய்ச்சலோடு லயத்தில் படுத்திருக்கிறான்.

இப்போது அவனுக்கும் டாக்டருக்கும் இடையில் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்போம். முதலில் கங்காணி. தன் ஆட்களில் அன்று வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் இத்தனை சதம் என்று கங்காணிக்குத் தனியாகக் காசு உண்டு. 'பென்ஸ் காசு' என்று அதற்குப் பெயர். ஆள் வராவிட்டால் அந்தச் சதம் போயிற்று. ஆகவே, "சும்மா எழுந்து வாடா, வேர்த்தால் சரியாகிவிடும்" என்று சொல்லத்தான் அவனுக்கு வாய் வரும். அடுத்தவர் கணக்கப்பிள்ளை. வராதவன் எவனும் சோம்பேறி என்று நினைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர் அவர். அதற்கும் மேலே துரை. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் அங்கே அவன் படுத்திருக்கும் ஒவ்வொரு நாளைக்கும் தோட்டத்துக் கணக்கில் பற்று எழுதப்படும். டாக்டரை வரவழைத்தால் அதற்கும் கட்டணம். ஆதலால் துரை தன் பங்களாவிலுள்ள மருந்துப் பெட்டியைத் திறந்து விளக்கெண்ணெயோ கொய்னாவோ கொடுத்துப் பார்ப்பார். சில துரைமார் இந்த வைத்தியத்தை உண்மையான இரக்கத்தோடுதான் செய்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரக்கமுள்ள துரையின் தோட்டத்தில் பிழைத்தவன் உண்டு. ஆனால் துரையின் குணத்தைப் பொறுத்த வைத்தியம் மழையைப் பொறுத்த வெள்ளாமை மாதிரிதானே?

மூன்று பேரையும் தாண்டி நாலாவதாக ஆஸ்பத்திரி. பத்துப் பன்னிரண்டு மைல் மலைப் பாதை. மற்றவர்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டும். தூக்குகிறவர்களுக்கும் அன்று பேர் விழாது. ஆகவே நாளை பார்க்கலாம், நாளை பார்க்கலாம் என்று தள்ளி, இனி முடியாது என்ற நிலையில்தான் அனுப்புவார்கள். போன இரண்டாம் நாள் அவன் இறந்துவிடுவான். ஆஸ்பத்திரிகளில் இறப்பு அதிகமாக இருப்பதற்குக் காரணம், உயிர் போகும் தறுவாயில் கொண்டுவந்து போடுவதுதான் என்று டாக்டர்கள் எழுதிய வருஷாந்தர அறிக்கைகளில் முறையிட்டிருக்கிறார்கள். லயத்து ஜனங்கள் இதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்புவதில்லை. ஆகவே ஆஸ்பத்திரி என்பது சாகிற இடம். இதன் பலனாக அடுத்த நோயாளி இன்னும் இரண்டு நாள் ஒளிந்திருந்தான். மூடநம்பிக்கை என்று துரைமார் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணால் கண்டதை நம்புவதற்குப் பெயர் மூடநம்பிக்கையா?

பாஷையைப் பற்றி ஒரு வார்த்தை. நோயைச் சொல்வதற்கு வேண்டிய சொற்கள் மனிதனுக்குத் தாய்மொழியில்தான் இருக்கின்றன. 'குடைகிறது', 'கடுக்கிறது', 'சுருக்கென்று குத்துகிறது', 'அடிவயிற்றைப் பிசைகிறது' என்பதையெல்லாம் துபாஷி மூலம் சொன்னால் டாக்டர் காதில் போய்ச் சேருவது 'வயிற்று வலி' ஒன்றுதான். இதிலே மனத்தைச் சங்கடப்படுத்துகிற ஒரு விஷயம் இருக்கிறது. அதே இலங்கையில், அதே வருஷங்களில், மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்துக்கொண்டிருந்தார் ஒருவர். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஆஸ்பத்திரி வைத்திருந்தார். முதலில் இங்கிலீஷில் பாடம் சொல்லிக்கொடுத்தார். இங்கிலீஷ் படித்த டாக்டர்கள் கிராமங்களில் தங்காமல் உத்தியோகம் தேடிப் போகிறார்கள் என்று கண்டு 1864-லிருந்து தமிழில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். உடற்கூறு, ரணவைத்தியம், ரசாயனம் எல்லாவற்றுக்கும் தமிழில் புஸ்தகம் அச்சிட்டார். அவருடைய 'வைத்தியாகரம்' வெளிவந்ததும் 1872-இல்தான். மருத்துவத் தேவைச் சட்டம் பிறந்த அதே வருஷம்! ஒரே தீவில் இரண்டு காரியமும் நடந்தன. ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளவில்லை. கொழும்பில் 1870-இல் தொடங்கிய வைத்தியப் பள்ளியில் போதனை இங்கிலீஷில்தான். கிறீன் 1873-இல் ஊர் திரும்பினார். சில வருஷங்களில் தமிழ் வகுப்பும் மங்கிப் போயிற்று. கூலிக்காரர்கள் நடந்த பாதையோ மன்னாரிலிருந்து தெற்கே திரும்பியது. மானிப்பாய் வடக்கே இருந்தது.

இனி, சோம்பேறித்தனத்தின் கதை. தோட்டங்களில் ஒரு நோய் பரவியிருந்தது. முகம் வெளுக்கும், கால் வீங்கும், மேட்டில் நாலடி ஏறினால் மூச்சு வாங்கும். இப்படிப்பட்டவனைப் பார்த்து, 'மதராஸ் கூலி இயற்கையிலேயே சோம்பல் உள்ளவன்' என்று சொல்வது துரைமாருக்கு வழக்கமாக இருந்தது. இலங்கையின் தலைமை வைத்திய அதிகாரியாக இருந்த கின்ஸி இதை ஆராய்ந்து 1887-இல் ஓர் அறிக்கை எழுதினார். பெரிபெரி என்று அப்போது சொல்லப்பட்ட நோயோடு இதை இணைத்துப் பேசினார். குடலில் கொக்கி போட்டுக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கிற கொக்கிப் புழுதான் காரணம் என்பது நாளாவட்டத்தில் தெளிவாயிற்று. மலம் கழித்த மண்ணிலே புழுக் குஞ்சு வளர்கிறது. அந்த மண்ணை வெறுங்காலோடு மிதிக்கிறவனின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. லயத்திலே கக்கூஸ் கிடையாது. ஜனங்களுக்குச் செருப்புக் கிடையாது. நோய்க்கு இதைவிடச் சௌகரியமான இடம் வேறு வேண்டுமா?

1916-இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் ஸ்தாபனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப் புழு ஒழிப்பு இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. லயம் லயமாகப் போய்ப் பேர் எழுதினார்கள், மலத்தைச் சோதித்தார்கள், மருந்தைக் கொடுத்து அங்கேயே விழுங்கச் சொன்னார்கள். சோதித்தவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் புழு இருந்தது. மருந்து நல்ல மருந்துதான். புழு விழுந்தது, ஜனங்களுக்குத் தெம்பு வந்தது. தோட்டக்காரர்களுக்கும் சந்தோஷம், ஏனென்றால் தெம்பு வந்தால் கொழுந்து அதிகம் வரும். ஆனால் மருந்து சாப்பிட்டவன் மறுநாள் காலையில் அதே மண்ணில் அதே வெறுங்காலோடு இறங்கினான். சில மாதங்களில் புழு திரும்பி வந்தது. கக்கூஸ் கட்டுங்கள் என்று ராக்பெல்லர் டாக்டர்கள் சொன்னார்கள். மருந்துக்குச் சரி என்றவர்கள் கக்கூஸுக்குக் கணக்குப் பார்த்தார்கள். "கட்டினாலும் இவர்கள் உபயோகிக்க மாட்டார்கள்" என்பது வழக்கமான பதில். கட்டிக் கொடுத்துவிட்டு அப்படிச் சொல்லியிருந்தால் கேட்டுக்கொள்ளலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோய் பரவுமே என்ற பயம் வந்தபோது மட்டும் வைத்தியம் கூலிக்காரனைத் தேடிக்கொண்டு தானே வந்தது. வாந்திபேதிப் பயத்தினால் 1899-இன் கடைசியில் வடக்குப் பாதையையே மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போனார்கள். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறையில் ஒரு முகாம் ஏற்பட்டது. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் போக்குவரத்துத் தொடங்கிய பிறகு மண்டபத்தில் பெரிய முகாம் அமைந்தது. மண்டபம் இந்திய மண். முகாமை நடத்தியது இலங்கைச் சர்க்கார். அங்கே சுமார் ஒரு வாரம் நிறுத்தி வைப்பார்கள். துணியை ஆவியில் வேகவைப்பார்கள், அம்மை குத்துவார்கள், புழு மருந்து கொடுப்பார்கள், கண்ணையும் நாக்கையும் பார்ப்பார்கள். தோட்டத்து நம்பர் அடித்த தகர வில்லை ஒன்றை ஒவ்வொருவரிடமும் கொடுத்திருந்தார்கள். இன்ன ஆள் இன்ன தோட்டத்துக்குச் சொந்தம், இவனுடைய வழிச் செலவை இன்ன தோட்டத்தின் கணக்கில் எழுது என்று அர்த்தம். அந்தச் செலவு சுற்றிச் சுற்றிக் கடைசியில் அவன் கடனில்தான் போய் நின்றது.

தன் ஊரில் ஒரு நாளும் டாக்டரைப் பார்த்திராதவன் மண்டபத்தில் ஒரே வாரத்தில் நாலு தடவை டாக்டரைப் பார்த்தான். அக்கரை போய்த் தோட்டத்தில் நுழைந்த பிறகு டாக்டரைப் பார்ப்பதற்குள் அவனுக்குப் பாதி உயிர் போய்விடும். முகாமைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அம்மையும் பேதியும் தீவுக்குள் போகாமல் அந்த முகாம் தடுத்தது. அதனால் பிழைத்தவர்களில் கூலிக்காரர்களும் அடக்கம். ஆனால் நாட்டை அவனிடமிருந்து காப்பாற்றுவதற்கு இருந்த அவசரம், அவனை நோயிலிருந்து காப்பாற்றுவதற்கு இருக்கவில்லை.

நல்லது எதுவுமே நடக்கவில்லை என்று சொன்னால் பாவம் வந்து சேரும். 1912-இல் மருத்துவத் தேவைச் சட்டத்தைப் புதுப்பித்தபோது பிரசவித்த தாயைச் சுமார் ஒரு மாதத்துக்கு வேலைக்கு இறக்கக் கூடாது என்றும், அந்த நாட்களில் அவளுக்குச் சாப்பாடும் இடமும் தோட்டமே தர வேண்டும் என்றும் எழுதினார்கள். அந்தக் காலத்தில் நம்முடைய நாட்டில் பண்ணையாட்களுக்கு அப்படி எழுத்தில் எதுவும் கிடையாது. 1939-இல் பிரசவச் சகாயச் சட்டமும் வந்தது. தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகப் 'பிள்ளைக் காம்பரா' வந்தது. தோட்டத்து டிஸ்பென்ஸர்களில், ராத்திரி இரண்டு மணிக்கு மழையில் லயத்துக்கு ஓடி வந்தவர்கள் இருந்தார்கள். டாக்டர் பட்டம் இல்லாத அவர்களைத்தான் ஜனங்கள் 'டாக்டர் ஐயா' என்று வாய் நிறையக் கூப்பிட்டார்கள். ஆனால் அந்த ஐயாவும் தோட்டத்துச் சம்பளக்காரர். ஒருவனுக்கு உண்மையில் நோயா, பாசாங்கா என்று துரைக்குச் சொல்ல வேண்டியவரும் அவரே. வேலைக்கு வராததை ஒப்புக்கொள்ள அவர் துண்டு எழுத வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவும் துண்டு. நோயாளியை ஏற்றிக்கொண்டு போகும் லாரிக்குத் துரையின் உத்தரவு. லாரி கொழுந்து ஏற்றப் போயிருந்தால் கம்பளியில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். வைத்தியரையும் காவல்காரரையும் ஒரே மனிதராக்கி வைத்தால், எவ்வளவு நல்ல மனிதரானாலும் அவர் என்ன செய்வார்?

இதற்குள் நாடு மாறியது. 1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே வருஷம் வந்த பிரஜா உரிமைச் சட்டம் தோட்டத்துத் தமிழர்களில் பெரும்பாலோரைப் பிரஜைகள் அல்லாதவர்களாக்கியது. அடுத்த வருஷம் வோட்டும் போயிற்று. அந்த ஜனங்களில் பெரும் பகுதியினர் அந்த மலையிலேயே பிறந்தவர்கள். தாத்தா வந்த நாடு அவர்களுக்குச் சொந்த நாடாகியிருந்தது. சட்டம் அவர்களை மறுபடியும் நேற்று வந்தவர்களாக்கிவிட்டது. வைத்தியத்துக்கும் வோட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இலங்கையின் இலவச வைத்தியம் உலகப் பிரசித்தம். 1951-இல் சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதை நிறுத்தினார்கள். கிராமம் கிராமமாக ஆஸ்பத்திரியும் மருத்துவச்சியும் வந்ததற்கு ஒரு முக்கியமான காரணம், கிராமத்தானிடம் வோட்டு இருந்தது. மந்திரி வீட்டு வாசலில் போய் நின்று, "எங்கள் ஊருக்கு ஆஸ்பத்திரி எங்கே?" என்று அவன் கேட்க முடிந்தது. மலைமேல் இருந்தவன் யாரிடம் கேட்பான்? அவனுடைய ஆரோக்கியம் 1865-ஆம் வருஷத்தில் எங்கே வைக்கப்பட்டதோ அங்கேயே, தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே, இருந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரி வாசலில் அவனை யாரும் தடுக்கவில்லை என்பது மெய்தான். போய்ச் சேருவதற்குத்தான் துண்டும், லாரியும், ஒரு நாள் பேரும் வேண்டியிருந்தன. போய்ச் சேர்ந்தாலும் தமிழ் தெரிந்தவர்கள் அங்கே குறைவு.

பலன் குழந்தைகளிடத்தில் தெரிந்தது. 1970-களின் முற்பாதியில் உணவுப் பஞ்சம் வந்தபோது, தோட்டங்களில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கு மேல் ஒரு வயது நிறையுமுன் மடிந்தன. அதே சமயத்தில் நாடு முழுவதற்கும் சராசரி ஐம்பதை ஒட்டித்தான் இருந்தது. ஒரே தீவு, ஒரே மழை, ஒரே பஞ்சம்.

1964-ஆம் வருஷத்து சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்றுக்கொள்வதென்றும் பங்கு பிரித்தது; மிச்சத்தைப் பற்றிப் பின்னால் பேசி 1974-இல் பாதிப் பாதியாக்கினார்கள். திரும்பி வந்தவர்கள் ராமேசுவரத்தில் இறங்கினார்கள். அவர்களை முதலில் கொண்டுவந்து வைத்த இடம் மண்டபம் முகாம். தாத்தாவுக்கு அம்மை குத்திய அதே மண்டபம். அங்கிருந்து பலர் நீலகிரிக்குப் போய், தமிழ்நாடு அரசு அவர்களுக்காகவே போட்ட தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

அக்கரையில் தங்கியவர்களுடைய தோட்டங்களை 1972-இலும் 1975-இலும் இலங்கை அரசு நாட்டுடைமை ஆக்கியது. துரை மாறினார், சர்க்கார் துரை வந்தார். 1992-இல் மறுபடியும் கம்பெனிகள் நிர்வாகத்துக்கு வந்தன. பிரஜா உரிமை இல்லாமல் எஞ்சியிருந்தவர்களுக்கு அது 2003-ஆம் வருஷத்துச் சட்டத்தோடுதான் கிடைத்தது. பிரசவத்துக்கு இன்று தோட்டத்துப் பெண்கள் அநேகமாக எல்லோரும் ஆஸ்பத்திரிக்கே போகிறார்கள். குழந்தைகள் அன்று போல் சாவதில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரிகளை நாட்டின் சுகாதார இலாகாவே ஏற்று நடத்துவது என்ற வேலை 1990-களில் ஆரம்பமாயிற்று. ஒன்று ஒன்றாக, கட்டடம் யாருடையது, நிலம் யாருடையது, மருந்துக்காரருக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்று கடிதம் எழுதி எழுதி நடக்கிற வேலை. சில ஆஸ்பத்திரிகள் கைமாறின; பல தோட்டங்களில் இன்னும் கடிதப் போக்குவரத்துத்தான்.